கிழக்கில் குடும்ப வழக்குச் சட்டத்தரணியாக வேலை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும், சத்தியப்பிரமாணம் எடுத்த கையோடு மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ திரும்பி வரும் இளம் சட்டத்தரணிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் மட்டக்களப்பில் குடும்ப வழக்குகள் பேசுகிறவள். என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

குடும்ப வழக்கை மட்டும் நம்பி இங்கே பிழைக்கலாமா?

தொடக்கத்தில் முடியாது. கொழும்பில் ஒருவர் விவாகரத்து மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வாழைச்சேனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ காலையில் ஒரு பிணை மனு, பத்து மணிக்குப் பிறகு ஒரு காணிப் பங்கு வழக்கு, பின்னேரம் ஓர் உறுதி (காணிப் பத்திரம்) என்றுதான் நாள் போகும். உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகவும் பதிந்துகொள்ளுங்கள். முதல் சில வருடங்களில் சோறு போடுவது உறுதி எழுதும் வேலைதான்.

இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். கிழக்கில் குடும்பச் சண்டையைத் தோண்டினால் அடியில் ஒரு வீடோ ஒரு துண்டு வயலோ இருக்கும். உறுதி வாசிக்கத் தெரியாதவர் இங்கே நல்ல குடும்பச் சட்டத்தரணி ஆக முடியாது என்பது என் உறுதியான எண்ணம். காணி வழக்குகளில் செலவழிக்கும் வருடங்கள் எதுவும் வீண் இல்லை.

எந்த வழியாகப் படிப்பது?

இரண்டு வழி. ஒன்று, உயர்தரம் முடித்து நுழைவுப் பரீட்சை எழுதி, கொழும்பு புதுக்கடையில் 1874 முதல் இயங்கிவரும் இலங்கை சட்டக் கல்லூரிக்குப் போவது. மற்றது, கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனை, திறந்த பல்கலைக்கழகம் போன்றவற்றில் சட்டமாணிப் பட்டம் எடுத்துவிட்டு, சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை எழுதுவது. எந்த வழியில் போனாலும் முடிவில் ஓர் அனுபவமுள்ள சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிற்சி. பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம்.

வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் உகந்தது. ஆசிரியராகவோ பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தராகவோ இருந்தபடி பட்டம் எடுத்து, நாற்பது வயதுக்குக் கிட்ட சட்டத்தரணியானவர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். குடும்ப வழக்கில் அந்த வயது ஒரு பலம்.

ஆங்கிலம் இல்லாமல் முடியுமா? சிங்களம்?

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. அதனால் தமிழில் எழுதலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் விசாரணையும் தமிழில்தான் நடக்கும். ஆனால் முன்தீர்ப்புகள் அநேகமாக ஆங்கிலத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் ஆங்கிலம்தான் ஓடுகிறது. தமிழில் பரீட்சை எழுதுங்கள், ஆங்கிலத்தில் தீர்ப்பு வாசியுங்கள். நாளுக்கு ஒரு தீர்ப்பு வாசித்தால் இரண்டு வருடத்தில் பயம் போய்விடும்.

அம்பாறை நகர நீதிமன்றத்துக்குப் போகப்போகிறீர்கள் என்றால் சிங்களம் கட்டாயம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி சிங்களத்தில் வரும்போது, அதை வாசிக்க இன்னொருவரைத் தேடி ஓடுகிற நிலை உங்கள் கட்சிக்காரருக்கு நல்லதல்ல.

குடும்ப நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

தனிக் கட்டடம் இல்லை. மாவட்ட நீதிமன்றமே குடும்ப நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் செலுத்துகிறது. விவாகரத்து, சட்டப்படியான பிரிந்துவாழ்தல், பிள்ளையின் பொறுப்பு, மகவேற்பு (தத்தெடுத்தல்) எல்லாம் அங்கே. தாபரிப்பும் (துணைக்கும் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் கொடுக்க வேண்டிய பராமரிப்புப் பணம்) குடும்ப வன்முறைப் பாதுகாப்புக் கட்டளையும் நீதவான் நீதிமன்றத்தில். முஸ்லிம்களின் திருமணமும் விவாகரத்தும் காதி நீதிமன்றத்தில். தடுத்து வைத்திருக்கும் பிள்ளையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

ஒரே குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் தவணை (வழக்கு நாள்) இருக்கும் என்பதே இதன் பொருள். வெல்லாவெளியிலிருந்தோ வாகரையிலிருந்தோ பஸ் ஏறி வருகிற ஒரு தாய்க்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி இழப்பு. தவணைகளை ஒழுங்குபடுத்தி அவரை வீணாக அலைய விடாமல் பார்ப்பதும் உங்கள் தொழிலின் ஒரு பகுதி. இதைச் சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் விவாகரத்து சுலபம்தானே?

பொதுச் சட்டத்தின் கீழ் சம்மத விவாகரத்து என்று ஒன்று இல்லை. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: திருமணத்துக்குப் பின்னான பிறர்மனை நயத்தல், கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமண வேளையிலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக்குறை. ஏழு வருடம் பிரிந்திருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் அப்படி ஒரு வாசகம் இருப்பது உண்மை. ஆனால் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் 1986இல் உயர் நீதிமன்றம், பிரிந்திருப்பது மட்டும் போதாது, குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அதனால் நடைமுறையில் ஒருவர் 'கைவிட்டுச் சென்றார்' என்று வழக்கு வைப்பார், மற்றவர் எதிர்க்காமல் விடுவார். இங்கே உங்கள் மனச்சாட்சிக்கு வேலை இருக்கிறது. உண்மையில் நடந்ததை வைத்து முறைப்பாட்டை (வழக்கைத் தொடங்கும் பத்திரத்தை) எழுதுங்கள். வீட்டுக்குள்ளேயே வாழ முடியாதபடி செய்து ஒருவரை வெளியேற வைத்தாலும் அது சட்டத்தின் பார்வையில் கைவிடல்தான். அதற்குள் அடங்கும் உண்மைகள் அநேகமான குடும்பங்களில் இருக்கின்றன. இல்லாத பெண்ணொருத்தியை, இல்லாத ஆணொருவனை வழக்கில் நுழைக்காதீர்கள். அந்தப் பைலை ஒரு நாள் அவர்களின் பிள்ளை வாசிக்கும்.

இடைக்காலத் தீர்ப்பாணை கிடைத்து, குறைந்தது மூன்று மாதம் போன பிறகுதான் அது முடிவானதாகும். அதற்கு முன் மறுமணம் இல்லை என்பதைக் கட்சிக்காரருக்கு எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

நம் ஊருக்குத் தேசவழமை பொருந்துமா? சீதன வீடு யாருக்கு?

தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரிய வழக்காற்றுச் சட்டம். மட்டக்களப்புக்கு ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்ற வழக்காற்றுச் சட்டம் இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது போய்விட்டது. இன்று நமக்குப் பொதுச் சட்டம். கணவனோ மனைவியோ இறந்தால் மற்றவருக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணமான பெண்ணின் சொத்து அவருடைய தனிச்சொத்து.

சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. தாய்வழிக் குடி, மகளுக்கு வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்திருப்பது: தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் இது உயிரோடு இருக்கிறது. ஆகவே கிழக்கில் ஒரு திருமணம் முறியும்போது முதல் கேள்வி "ஆர் வெளியே போறது?" என்பதுதான். வேறு இடங்களில் பெண் வெளியே போவாள். இங்கே வீடு அவளுடையது.

அவளுடையதுதானா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கட்சிக்காரர் ஒரு சொப்பிங் பையை மேசையில் வைப்பார். உள்ளே திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, மடித்து மடித்துக் கிழிந்த ஓர் உறுதி. அந்த உறுதியைத்தான் முதலில் விரிக்க வேண்டும். சீதன உறுதியா, நன்கொடை உறுதியா? மகள் பெயருக்கு மட்டுமா, மாப்பிள்ளையையும் சேர்த்து இருவர் பெயருக்குமா? தாய் தன் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டாரா? அல்லது இன்னும் தாயின் பெயரிலேயே கிடக்கிறதா? வாயால் "மகளுக்குக் குடுத்தது" என்று ஊரே சொல்லும்; காணிப் பதிவகத்தில் ஒரு வரியும் இராது.

சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கொடுத்த வீடுகளில் இன்னொரு சிக்கல். தாய்வழியாக வந்த பெண்ணின் வளவு கடலோடு போனது. புது வீடு 'குடும்பத் தலைவர்' என்று கணவன் பெயருக்கு வந்தது. பல பெண்கள் அதை அறிந்ததே பிரிவு வந்த நாளில்தான்.

மறுபக்க நியாயமும் இருக்கிறது. கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த காசில் மாமியாரின் காணியில் மாடிவீடு கட்டிய ஆண், கடைசியில் ஒரு சூட்கேசோடு வெளியே நிற்பார். காணி அவருடையதல்ல. ஆனால் நல்லெண்ணத்தோடு செய்த மேம்பாட்டுக்கு நட்டஈடு கேட்க ரோமன் டச்சுச் சட்டத்தில் வழி உண்டு. அனுப்பிய காசின் துண்டுகள், சீமெந்துக் கடைப் பற்றுச்சீட்டு, மேசனின் சாட்சியம் எல்லாம் அப்போது தேவைப்படும்.

காணி அரசு கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் இருந்தால் கதை வேறு. கல்லோயா குடியேற்றங்களிலும் படுவான்கரையிலும் இது ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் இந்தக் காணிகளை நினைத்தபடி பிரித்து எழுத முடியாது. யாருடைய பெயர் பின்னுரித்தாளராக (அடுத்த உரிமையாளராக) பதியப்பட்டிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் பார்க்க வேண்டும். வாரிசு வரிசையில் மகனுக்கே முன்னுரிமை கொடுத்த பழைய அட்டவணை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாறியது.

தாபரிப்பு வழக்கு சின்ன வழக்கா?

இளம் சட்டத்தரணிகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கோ நம் தொழிலின் நெஞ்சே அதுதான். விவாகரத்துத் தீர்ப்பாணை ஒரு நாளில் கையில் கிடைக்கும். தாபரிப்பு மாதா மாதம் அடுப்பை எரிய வைப்பது.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் தன்னைப் பராமரிக்க இயலாத வாழ்க்கைத்துணைக்கும், பிள்ளைகளுக்கும், 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கும், இயலாமையுள்ள பிள்ளைகளுக்கும் வழி தருகிறது. பல்கலைக்கழகம் போகும் மகளுக்குத் தகப்பன் இன்னும் கடமைப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. திருமணம் பதியாமல் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. தந்தை மறுத்தால் அதை நிரூபிக்க வேண்டும்.

கஷ்டம் வருமானத்தை நிறுவுவதில். எதிர்மனுதாரர் அரச ஊழியர் என்றால் சம்பளப் பட்டியலை அழைப்பிக்கலாம், சம்பளத்திலேயே கழிக்கக் கட்டளை கேட்கலாம். நம் ஆட்களில் பாதிப் பேர் மீனவர், மேசன், ஓட்டோ ஓட்டுநர், வயல் குத்தகைக்காரர். "எனக்கு வருமானமே இல்ல சேர்" என்று கூண்டில் நின்று சொல்வார். அப்போது அவருடைய ஓட்டோவுக்கு மாதா மாதம் லீசிங் கட்டுவது யார் என்று கேளுங்கள். படகு யார் பெயரில், இயந்திரம் எப்போது வாங்கியது, போன போகத்தில் எத்தனை மூடை நெல் ஆலைக்குப் போனது என்று கேளுங்கள். மனைவிக்கு இவையெல்லாம் தெரியும். அவரிடம் ஆறுதலாக உட்கார்ந்து கேட்டுக் கொப்பியில் எழுதினால் குறுக்கு விசாரணை பாதி முடிந்த மாதிரி.

கட்டளை வந்த பிறகுதான் உண்மையான வேலை. நிலுவை சேரும், அழைப்பாணை போகும், ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வரும், பிடியாணை கேட்க வேண்டும். தாபரிப்புக்குத் தவணை போட்ட நாளில் நீதிமன்ற விறாந்தையில் போய் நின்று பாருங்கள். மடியில் பிள்ளையோடு பெண்கள் காலை எட்டரைக்கே வந்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் எழும்பி ஓடுவார்கள். பிடியாணையில் கொண்டுவரப்பட்ட ஆள், சிறை என்ற சொல் கேட்டதும், இல்லாத காசை மத்தியானத்துக்குள் தமக்கையிடம் வாங்கிக் கொண்டுவந்து கட்டுவார். நிலுவையைக் குவிய விடாமல் இரண்டு மூன்று மாதத்திலேயே பிடிப்பதுதான் கெட்டித்தனம். ஒரு வருட நிலுவையைக் கூலியாளால் ஒருபோதும் கட்ட முடியாது. அவர் சிறை போனாலும் பிள்ளைக்குப் பால்மா வராது.

கணவன் அல்லது மனைவி வெளிநாட்டில் என்றால்?

இப்போது இது அன்றாட விடயம். கவனிக்க வேண்டியது முகவரி. சரியான முகவரி இல்லாவிட்டால் அழைப்பாணை சேர்ப்பிப்பதிலேயே மாதங்கள் ஓடும். அங்கிருந்து அனுப்பும் சத்தியக் கடதாசியும் அற்றோணித் தத்துவமும் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தூதரகத்தில் முறையாக உறுதிப்படுத்தப்பட வேண்டும். வாட்ஸப்பில் வந்த படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பணிப்பெண்ணாகப் போன தாய் அனுப்பிய காசு எங்கே போனது என்ற கேள்வி வரும் வழக்குகளில் வங்கிக் கூற்றுக்களைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களின் வழக்குகளில் எனக்கு என்ன வேலை?

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது. ஆனால் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் பெண்கள் உங்களைத் தேடி வருவார்கள். பஸஹ் (மனைவி கேட்கும் விவாகரத்து) விண்ணப்பத்தில் எதைச் சொல்வது, கைக்கூலியையும் (பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்தது) மஹரையும் (கணவன் மனைவிக்குக் கொடுக்க வேண்டியது) எப்படிக் கேட்டுப் பெறுவது, சாட்சிகளை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று ஆலோசனை சொல்லலாம். காதி கொடுத்த தாபரிப்புக் கட்டளையைக் கணவன் மதிக்காவிட்டால் அறவிடும் வேலை நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். அங்கே நீங்கள் எழும்பிப் பேசலாம். குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் பொது.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்சத் திருமண வயது இல்லை. பெண்கள் காதியாக நியமிக்கப்பட முடியாது. 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல் தன் அறிக்கையைக் கையளித்தது. மாற்றம் வேண்டும் என்று இங்கேயுள்ள முஸ்லிம் பெண்களே முன்னின்று கேட்கிறார்கள். அவர்கள் பேசுவதை முதலில் கேளுங்கள்.

அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு அன்றே என்ன செய்யலாம்?

முதலில் வைத்தியசாலை. காயம் பதிவாகட்டும். பிறகு பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் உடனேயே இடைக்காலக் கட்டளை கேட்கலாம்; விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். அடி மட்டுமல்ல, மனத்தை நசுக்கும் கொடுமையும் இதற்குள் வரும். மனு எழுதும்போது "அடிக்கடி அடித்தார்" என்று விடாதீர்கள். எந்த நாள், எந்த அறை, எதனால், யார் கண்டது என்று எழுதுங்கள்.

"சமாதானமாகப் போ" என்று அனுப்பிவைக்கப் பலர் இருப்பார்கள். சட்டத்தரணியும் அந்த வரிசையில் சேரக்கூடாது.

பிள்ளை யாரிடம் போகும்?

ரோமன் டச்சுச் சட்டம் தகப்பனுக்கு முன்னுரிமை கொடுத்தது. ஆனால் எங்கள் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே தலையாயதாகப் பார்க்கின்றன. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைக்குப் பெரிய நிறை உண்டு. நீதிமன்ற வளவுக்குள் பிள்ளையை இழுத்துப் பறிக்கும் காட்சி வராமல் தடுப்பது இரு பக்கச் சட்டத்தரணிகளின் பொறுப்பு. எதிர்ப்பக்கச் சட்டத்தரணியோடு முதல்நாளே பேசி, பார்வையிடும் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.

சின்ன ஊர். எல்லோரும் தெரிந்தவர்கள். இது தொல்லையா?

தொல்லையும்தான், பலமும்தான். கணவன் உங்கள் மச்சானோடு படித்தவராக இருப்பார். மனைவியின் தாய் திருவிழாவில் உங்களைப் பிடித்து, "மிஸ், அந்த விசயம் என்னாச்சு?" என்பார். ஒரே விதிதான்: வீதியில் வழக்குப் பேச்சு இல்லை, உங்கள் வீட்டிலும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒருவரே தோன்றவும் கூடாது. இருவரும் சேர்ந்து வந்து "நீங்களே எழுதித் தாங்க" என்றாலும் ஒருவரை வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள்.

விளம்பரம் செய்யவும், ஆள் பிடித்து வழக்குச் சேர்க்கவும் தொழில் விதிகள் இடம் கொடுப்பதில்லை. ஒரு பெண்ணின் வழக்கை ஒழுங்காக முடித்தால் அவள் ஊரிலிருந்து அடுத்தவள் வருவாள். தாமதமான வழி, ஆனால் இங்கே அதுதான் வழி.

கட்டணம் எப்படிப் பேசுவது?

முன்கூட்டியே, தெளிவாக, பற்றுச்சீட்டோடு. விவாகரத்துக்கு முழுத்தொகையையும் படிநிலையாகப் பிரித்துச் சொல்லுங்கள். தாபரிப்புப் பணத்தில் பங்கு கேட்காதீர்கள். அது பிள்ளையின் காசு. இயலாதவர்களை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள்.

முதல் வருடத்தில் என்ன செய்ய வேண்டும்?

நல்ல சீனியர் ஒருவரின் சேம்பரில் இருங்கள். விசாரணை நடத்துகிறவரா என்று பார்த்துச் சேருங்கள், தவணை மட்டும் வாங்குகிறவரிடம் ஒன்றும் கற்க முடியாது. முடிந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் பட்டியலில் சேருங்கள். பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகுங்கள். நீதிமன்றப் பதிவகத்தில் முத்திரைக்கும் பிரதிக்கும் எங்கே நிற்பது என்பதை உங்கள் கிளார்க்கிடம் கேட்டுப் படியுங்கள். அவருக்கு நம்மைவிடக் கூடத் தெரியும்.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 596ஆம் பிரிவிலிருந்து திருமண வழக்குகள் பற்றிய அத்தியாயத்தை முழுமையாகப் படியுங்கள். வழக்கு நடக்கும்போதே பராமரிப்புக் கேட்க 614, முடிவில் நிரந்தரப் பராமரிப்புக்கும் சொத்து ஏற்பாட்டுக்கும் 615. இந்த இரண்டையும் கேட்காமல் வெறும் விவாகரத்தை மட்டும் கேட்டுப் போடப்பட்ட முறைப்பாடுகள் நம் நீதிமன்றங்களில் நிறைய. வழக்கு முடிந்த பிறகு அந்தப் பெண் வந்து "எனக்கு என்ன கிடைக்கும் மிஸ்?" என்று கேட்டால், அந்தப் பைலைத் திறந்து சொல்ல ஒன்றும் இராது. முறைப்பாட்டின் கடைசிப் பக்கத்தில் நிவாரணங்களை எழுதும் அந்த அரை மணித்தியாலத்தில் அவசரப்படாதீர்கள்.